பெரட்டுக்கு எழுப்புவது போல

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. என் அக்காவின் கணவர். அக்கா இருந்தவரைக்கும் வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டேன். இப்போது அவர் மகனோடு பினாங்குக்குக் குடிபோய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கூப்பிட வேண்டிய அவசியமும் வருவதில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

சுங்கைப்பட்டாணியில் அவரைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாக நின்று தண்ணீர்ப் பந்தல் போடுவார். எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. மனிதருக்கு இருந்தது ஒரே ஒரு குணம். தூங்குவார். தூங்குவதெல்லாம் ஒரு குணமா என்று கேட்பீர்கள். அவர் தூங்கும்போது அந்த வீட்டில் நீங்கள் ஒரு மணி நேரம் இருந்து பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

தாமான் குடியிருப்பில் ஓரத்து வீடு. முன்னறையில் அவர் படுத்துவிட்டால் அக்கா அப்படியே வேறு ஆளாகிவிடுவாள். நடை மாறும், குரல் இறங்கும், டம்ளரைக்கூடத் துணி விரித்து அதன் மேல்தான் வைப்பாள். பள்ளிக்கூடக் கேண்டீனுக்கு நாசி லெமாக் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். விடியுமுன் மிளகாய் அரைக்க வேண்டும். பிளெண்டரைப் பின்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், சுற்றிலும் பழைய துண்டைப் போர்த்தி, அழுகிற பிள்ளையை அமத்துவது போல இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு அரைப்பாள். வாசல் கேட்டுக்கு வாரா வாரம் தேங்காயெண்ணெய் விடுவாள். மோட்டாரில் ரொட்டி விற்க வருகிற பாய் அந்தச் சாலைக்கு வந்ததும் ஹாரனை அமுக்குவதற்குள் ஓடிப் போய்க் கையை ஆட்டி நிறுத்துவாள். கடைசியில் பாயே பழகிக்கொண்டு, அக்கா வீட்டு முனையில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்.

நான் வாயாடி. பசார் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன், நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிப் பழகியவள். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அக்கா வாயில் விரலை வைத்துக்கொண்டு வருவாள். "மாமா தூங்குறாரு." அவள் என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை எது என்று கேட்டால் இதுதான்.

ஒரு தீபாவளிக் காலை. ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டது. பக்கத்து வீட்டில் பலகாரத் தட்டு வாசல் ஏறிவிட்டது. இங்கே எண்ணெய்க் கிண்ணம் ஆறிப்போய் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர் தலையில் எண்ணெய் வைத்தால்தானே மற்றவர்கள் குளிக்கலாம், பசியாறலாம்? அவர் எழுந்திருக்கவில்லை. மகன் அப்போது சின்னப் பையன். முறுக்கு டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் மேலேயே தூங்கி விழுந்துகொண்டிருந்தான். எனக்கு வந்ததே கோபம். நேரே போய்க் கதவைத் தள்ளினேன். "மாமா! தீபாவளி முடிஞ்சிரும் போல இருக்கு, எழுந்திரிங்க!"

அவர் கத்தவில்லை. கத்தவே மாட்டார். கண்ணை மூடியபடியே நெற்றியைச் சுருக்கி, மெல்லிய குரலில் சொன்னார்: "டெய்லரம்மா, பெரட்டுக்கு எழுப்புற மாதிரி எழுப்பாதே லா."

அது அவருடைய வாக்கியம். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் ஆட்களையெல்லாம் களத்தில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு இந்த நிரை, உனக்கு அந்த நிரை என்று மரம் பிரித்து அனுப்புவார்களே, அதுதான் பெரட்டு. சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் அவருக்கு. இருட்டில் தண்டல் என்கிற மேஸ்திரி, ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக வந்து, "பெரட்டு! பெரட்டு!" என்று கதவை அறைவாராம். அந்தச் சத்தம் முடிவதற்குள் அப்பா போர்வையை உருவி, முகத்தில் ஒரு குவளைத் தண்ணீரை வீசுவாராம். தூக்கம் கலையாமலே அம்மாவின் பின்னால் நடந்து போய் மரத்தடியில் விழுந்து அடிபட்ட தழும்பு முழங்காலில் இருந்தது. வேட்டியைத் தூக்கிக் காட்டுவார்.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் டெய்லரம்மா. நான் பெரியவனாயிட்டா என்னைய எவனும் எழுப்பக்கூடாது. தூக்கம் எனக்கு ராஜ தூக்கமா இருக்கணும்." இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அவர் குரல் உடையும். பொய்யில்லை, நிஜமாகவே உடையும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நாங்கள் மட்டும் என்ன பங்களாவிலா பிறந்தோம்? பாலிங் பக்கத்துத் தோட்டம் எங்களுக்கு. அதே இருட்டு, அதே தண்டல், அதே பெரட்டு. அக்கா மற்றவர்களுக்கெல்லாம் முன்னால் எழுந்து அடுப்பு மூட்டி, கோப்பி கலக்கி, என்னைத் தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, அப்புறம் அம்மாவோடு பால் வாளி தூக்கப் போனவள். அவளுக்கும் முழங்காலில் தழும்பு உண்டு. அவள் ஒரு முடிவும் பண்ணவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

அவரை எழுப்பும் உரிமை உலகத்தில் அக்கா ஒருத்திக்குத்தான் இருந்தது. அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். சுடுதண்ணீர் தயாரானதும் கட்டிலின் கால்மாட்டில் போய் உட்காருவாள். அவர் தூக்கத்திலேயே வலது காலை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டுவார். அவள் கட்டை விரலைப் பிடித்து மெல்ல மெல்ல அமுக்குவாள். பேர் சொல்ல மாட்டாள், கூப்பிட மாட்டாள். விரல், பாதம், குதிகால் என்று போய்த் திரும்ப விரலுக்கு வருவாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "என்னா, நேரமாச்சா?" என்பார். "ஆயிருச்சிங்க" என்பாள் அவள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். நான் கிண்டல் செய்வேன். "பூஜைதான் பாக்கி. சூடம் காட்டிரு." அக்கா சிரிப்பாள். "போடி இவளே. அப்பத்தான் அவரு என்னைய பாத்து சிரிப்பாரு. அப்புறம் நாள் பூரா வேல, வேலதான்."

தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மகன் நல்ல போனாக ஒன்று வாங்கி வந்து, அதில் ஒரு ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தான். தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். நாம் புரள்வதை, குறட்டை விடுவதை எல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். எப்போது ஆழ்ந்து தூங்கினோம், எப்போது லேசாகத் தூங்கினோம் என்று கோடு போடும். காலையில் தூக்கம் லேசாகிற சமயம் பார்த்துக் குருவிச் சத்தத்தில் மெதுவாக எழுப்பும். வேலைக்குப் போன காலமெல்லாம் எழுப்பாதே என்றவர், வேலை போனபின் எழுந்திருக்க அலாரம் வைத்தார்.

முதல் நாள் காலை குருவி கத்தியதும் அக்கா ஒரு பிடி அரிசியோடு பின்பக்கம் ஓடியிருக்கிறாள். பப்பாளி மரத்தில் தேடி, கூரையில் தேடி, சுவர்மேல் அரிசியைத் தூவிவிட்டு வந்திருக்கிறாள். மூன்று நாள் தூவினாள். என் கடைக்கு வந்தபோதுகூடச் சொன்னாள்: "புதுசா ஒரு குருவி வந்திருக்குலா. என்னா அழகா கத்துது தெரியுமா! கண்ணுலதான் பட மாட்டேங்குது." உண்மை தெரிந்ததும் அவர் கோயில் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அவள் எதற்கும் சேர்ந்து சிரிப்பாள்.

சிரிக்காத விஷயம் ஒன்று இருந்தது. ஒருநாள் கடையில் எனக்கு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"இனிமே நீ கால அமுக்க வேணாம், உனக்கும் சூசா இல்ல, செரமமில்ல, இதே எழுப்பிருதுன்னு சொல்லிட்டாருடி."

"நல்லதாப் போச்சு. ஒரு வேல மிச்சம்."

"ம். சுடுதண்ணி வச்சிட்டு வழக்கம்போல போய்ட்டேன். அவரு போனப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருக்காரு. சும்மா கைய வச்சிக்கிட்டு நின்னேன்."

நான் வேறு ஏதோ பேசி அவள் மனதைத் திருப்பினேன்.

அந்த ஆப் காலையில் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணும் கொடுக்கும். அவர் அதை மார்க்கு என்பார். "நேத்து எனக்கு எம்பத்தெட்டு." அன்னதானப் பந்தியில் சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார், சாவு வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்வார். புரியாதவர்கள், "என்னா சோதனை எழுதினீங்க?" என்று கேட்பார்கள். அதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பத்திலிருந்து விளக்குவார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறாதவர். அந்தப் பெருமையை நான் கெடுப்பானேன் என்று முதலில் சும்மா இருந்தேன். ஒருநாள் வாய் நிற்கவில்லை.

"அக்காவுக்கு எத்தன மார்க்கு மாமா?"

"அவளுக்கா?" என்று அக்காவைப் பார்த்தார். "அவ எங்க தூங்குறா? பரிட்சைக்கே வரலியே!" சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா தோசைக் கரண்டியோடு சிரித்தாள். எனக்கு அந்தத் தோசை இறங்கவில்லை.

அதற்கடுத்துக் காட்டுத்தீப் புகைமூட்டம் வந்தது. வானம் வெளுத்துப்போய், ஜெராய் மலையே கண்ணில் படாத நாட்கள். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. வருஷத்தில் ஒரு தடவை வந்துவிட்டுப் போகும். இந்த முறை வந்தது போகவில்லை. கிளினிக்கில் பம்பு கொடுத்தார்கள். வாயில் வைத்து அடித்தால் கொஞ்சம் அடங்கும், அப்புறம் திரும்ப ஆரம்பிக்கும். பக்கத்தில் படுத்திருக்கிற ஆளுக்கு மார்க்கு அறுபதுக்கு இறங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பசியாறப் போயிருந்தேன். மேசையில் போனை வைத்து, "இத கேளு டெய்லரம்மா" என்று அமுக்கினார். அந்த ஆப் இரவில் கேட்கிற சத்தங்களைத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். முதல் துண்டில் என் அக்கா இருமினாள். இரண்டாவதிலும் இருமினாள். மூன்றாவதில் இருமல் இல்லை. மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும், உள்ளே எங்கோ விசில் ஊதுவது போல.

"பாத்தியா? இது விடியறதுக்கு முன்னாடி. நான் நல்லா தூங்குற நேரம். கோடு எப்பிடி எகிறிருக்கு பாரு. இந்த ஒண்ணுல மட்டும் பத்து மார்க்கு போச்சு."

அக்கா கோப்பிக் கோல் குவளையோடு வந்து நின்று கேட்டாள். "நானா அது?" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். சிரிப்பே இருமலாகிவிட்டது, குவளையைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"மாமா, அது மார்க்கு கொறையிற சத்தமில்ல. மூச்சு முட்டுற சத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அலோர் ஸ்டாருக்குப் போங்க. நான் வேணா கடைய மூடிட்டு வர்றேன்."

"பம்பு குடுத்துருக்காங்கல்ல? அத அடிச்சா அது ஒரு சத்தம். புஸ்ஸு, புஸ்ஸுன்னு." அவர் குரலில் ஒரு துளி கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தலாம். இவர் நோயாளி மாதிரி மெதுவாகப் பேசுவார். "நான் என்னா கேக்குறேன்? தூங்கணும். அவ்ளோதானே லா."

அந்த வாரமே அக்கா ஹாலுக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் போகச் சொன்னாரா, இவளே போனாளா என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள். முன்னறைக் கதவு சாத்தப்பட்டது. மார்க்கு எண்பதுக்கு ஏறியது. என் கடை மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. வந்து என்னோடு இரு, புகை போனபின் திரும்பிப் போ என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டேன். "அவருக்கு யாரு கோப்பி கலக்குவா?" என்றாள். குருவி கலக்கட்டுமே என்றேன். அதற்குச் சிரிக்கவில்லை.

புகை விலகிய பிறகுதான் அது நடந்தது. காலையில் போன் வந்தது. "டெய்லரம்மா, அக்கா எழுந்திரிக்க மாட்டேங்குறா."

நான் போனபோது அவள் முன்னறைக் கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தாள். மிளகாய் அரைக்கும்போது பிளெண்டருக்குப் போர்த்துகிற அந்தப் பழைய துண்டு அவள் கையில் இருந்தது. சுருட்டி வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பம்பு உள்ளே இருந்தது. முதல் நாள் மாலை தலை வாரும்போது கண்ணாடி மேசையில் வைத்தவள், எடுத்து வர மறந்திருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம், அவர் கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரம். கதவில் தாழ்ப்பாள்கூடப் போட்டிருக்கவில்லை. தள்ளினால் திறந்திருக்கும். கீல்தான் கொஞ்சம் சத்தம் போடும்.

குருவி கத்தி முடித்து, எழுந்து உட்கார்ந்து, மார்க்கு பார்த்து, கோப்பிக்காகக் கதவைத் திறந்தபோதுதான் அவளைப் பார்த்தாராம். தொண்ணூற்று நாலு. அந்த ஆப் அவருக்குக் கொடுத்ததிலேயே பெரிய மார்க்கு.

இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவரே காட்டினார். விசாரிக்க வந்த மலாய்க்காரப் போலிஸ்காரரிடம் போனை நீட்டி, "தாக் அடா புஞி, என்சிக்" என்றார். சத்தமே இல்லை, ஐயா. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் நீட்டினார். "பாருங்க, கோடு நேரா போவுது. ஒரு இடத்துல எகிறலியே. அவ கூப்பிட்டிருந்தா, கதவ தட்டியிருந்தா, இதுல விழுந்திருக்கும்ல? கூப்பிடவே இல்லலா. நான் என்னா செய்வேன்?" அழுதார். அழுகை நிஜம்தான். வந்தவர்கள் போனைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். "பாவம், மனுசன் என்னா செய்வாரு." எனக்கு அந்தப் போனைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிய வேண்டும் போல இருந்தது. அது பொய் சொல்லவில்லை, பாவி. அவள் கூப்பிடவில்லைதான். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் கூப்பிட்டதே இல்லை.

பதினாறாம் நாள். கருமாதிக்கு வீடு நிறைய ஆட்கள். பண்டாரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். காரியம் செய்ய வேண்டிய மகன் குளித்து ஈர வேட்டியோடு நிற்கிறான். அவரைக் காணோம். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது.

நான் அந்தக் கதவை நோக்கி நடந்ததும் நாலைந்து பேர் கையைப் பிடித்தார்கள். "விடும்மா. அன்னிலேருந்து கண்ண மூடல. இப்பத்தான் செத்த அசந்திருக்காரு. எழுப்பாதே."

நான் கதவைத் தள்ளினேன். கீல் கிறீச்சிட்டது.

உள்ளே என் அக்கா இருமிக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் தேடினேன், மூலையில் தேடினேன். அப்புறம்தான் தலையணைக்குப் பக்கத்தில் போனைப் பார்த்தேன். ஒரு இருமல் முடிந்து இன்னொன்று, அது முடிந்து மூச்சு இழுக்கிற விசில், திரும்பவும் இருமல். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மகன் என் பின்னால் வந்து நின்றான். "அப்பாவுக்கு அந்தச் சத்தம் இல்லாம தூக்கம் வரலயாம், சின்னம்மா. நான்தான் எல்லாத்தயும் ஒண்ணா சேத்துப் போட்டுக் குடுத்தேன்."

கதவோரம் எட்டிப் பார்த்த ஒரு பெண்பிள்ளை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னா பாசம் பாரு" என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னைக் கொளுத்திவிட்டது. உயிரோடு இருந்தவள் இருமியபோது அந்த அறையில் அவளுக்குப் பாய் விரிக்க இடமில்லை. இப்போது தலையணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார், பாசமாம்.

கையை ஓங்கிக் கதவை அறைந்தேன். "பெரட்டு!" என்று கத்தினேன். எங்கள் தோட்டத்துத் தண்டலின் குரல் என் தொண்டைக்குள் இத்தனை காலம் இருந்தது எனக்கே தெரியாது. "பெரட்டு! பெரட்டு!" அறை அதிர்ந்தது. ஹாலில் பண்டாரம் எழுந்து நின்றுவிட்டார். மகன் என் தோளைப் பிடித்தான், தட்டிவிட்டேன்.

அவர் தூக்கிப் போட்டது போலப் பதறி, கண்ணைத் திறக்காமலே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தண்ணீர் வந்து விழும் என்று சின்னப் பிள்ளை மூடிக்கொள்வது போல. பார்த்ததும் ஓங்கிய என் கை இறங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் விழவில்லை. கைகள் மெல்ல இறங்கின. கண் இன்னும் திறக்கவில்லை.

"என்னா, நேரமாச்சா?" என்றார். வலது கால் மட்டும் போர்வைக்கு வெளியே நீண்டது.

போன் இருமிக்கொண்டிருந்தது. கால்மாட்டில் நான்தான் நின்றேன். அந்தக் கட்டை விரலைப் பார்த்தேன்.

"அதுக்கு ஆள் இல்ல, மாமா" என்றேன். "எழுந்து வாங்க. பண்டாரம் காத்துக்கிட்டு இருக்காரு."